சட்டைப் பையில் ஒரு அட்டை: அம்பத்தூரில் நாங்கள் எடுத்த சூப்பர்வைசர் பயிற்சி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் புரொடக்‌ஷன் பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 54 பேர். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு அப்ரண்டிஸாக உள்ளே நுழைந்து, லேத் என்னும் கடைசல் மெஷினில் பன்னிரண்டு வருடம் நின்று, அப்புறம் சூப்பர்வைசராகி, இப்போது இந்த நாற்காலிக்கு வந்தவன். மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித் தந்தார்கள், டூல் தீட்டச் சொல்லித் தந்தார்கள். ஆட்களை எப்படி நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கு மேலே இருந்தவர்கள் என்னை எப்படி நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்தினேன்.

போன வருடம் ஜூன் மாதம், சூப்பர்வைசர்களும் லைன் லீடர்களுமாக ஒன்பது பேரோடு நானும் உட்கார்ந்து இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டேன். கட்டணம் 42,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எங்களைப் போன்ற சின்ன ஷாப்புக்கு இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. பத்து மாதம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் பயிற்சியும் முடிந்த அன்று சாயங்காலம் நன்றாகத்தான் தெரியும்.

பாடத்தின் பெயர் டி.டபிள்யூ.ஐ. விரித்துச் சொன்னால் ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி. 1940-இல் அமெரிக்க அரசு தொடங்கியது. போருக்காக ஆலைகள் இரவு பகலாக ஓட வேண்டிய நேரம். தேர்ந்த ஆட்கள் பலர் ராணுவத்துக்குப் போக, அதுவரை மெஷினையே தொட்டிராத பெண்களும் புது ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கவும், அவர்களோடு ஒத்துப்போய் வேலை வாங்கவும் சூப்பர்வைசர்களுக்கு ஒரு குறுகிய பாடம் தேவைப்பட்டது. 1945-இல் அதை நிறுத்தும்போது 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் நடந்திருந்தது. போர் முடிந்த பிறகு ஜப்பானுக்குப் போனது, 1950-களில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டது. அரசு செலவில் எழுதியது என்பதால் அந்தக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் ஒருவர் நடத்தினாலும் கோவையில் வேறொருவர் நடத்தினாலும் உள்ளே இருப்பது அதே பாடம்தான். அதனால் நடத்தியவர்கள் பெயரை விட்டுவிடுகிறேன். பாடம் எப்படி, அது எங்கள் இடத்தில் என்ன செய்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

ஏன் எடுத்தோம் என்று முதலில் சொல்ல வேண்டும். 2023-இல் எங்களிடம் இருந்த பதினொரு பழைய லேத்தில் ஏழை விற்றுவிட்டு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் நான்கு போட்டோம். வாடிக்கையாளர் கேட்கும் எண்ணிக்கையும் துல்லியமும் கையால் ஓட்டும் லேத்தில் வராது. அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் நல்ல வேலைக்காரர்கள் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். இருந்தவர்களிடம் பேச்சு குறைந்துபோனது. முன்பெல்லாம் டிராயிங்கில் ஒரு அளவு இடித்தால் ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். இப்போது வந்த டிராயிங்கை அப்படியே ஓட்டிவிட்டு, அத்தனையும் ரிஜெக்‌ஷன் ஆன பிறகு, "நீங்க குடுத்ததுதான் சார்" என்றார்கள். ஷாப் அமைதியாக இருப்பதை ஒழுங்கு என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கும் இது தெரிந்தது. இந்தப் பயிற்சிக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் ஊக்கப் பேச்சு ஒன்று ஏற்பாடு செய்தார். கை தட்டினோம், பலூன் உடைத்தோம், மதியம் பிரியாணி சாப்பிட்டோம். பேசியவர் மனதாரத்தான் பேசினார். ஆனால் எங்கள் ஷாப்பில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் முந்தின வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலேயே நின்றோம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் நாள் வேலை கற்றுக்கொடுக்கும் முறை. நடத்திய சார் ஆவடிப் பக்கம் ஓர் ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் எதுவும் பேசாமல் பையிலிருந்து இரட்டை இழை ஒயர் ஒரு துண்டை எடுத்தார். பல்பு ஹோல்டருக்குள் போடும் முடிச்சு ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது ஒயரை இழுத்தால் டெர்மினலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராமல் அது தாங்கும். 1940-களில் எழுதிய பாடத்திலேயே இந்த முடிச்சுதான் உதாரணமாம்.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் தம்பி ஒருவனைக் கூப்பிட்டு நிறுத்தி, முடிச்சு எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொன்னார். வலது இழையைப் பிடி, ஒரு வளையம் போடு, முன்பக்கமாகக் கொண்டுவா, இடது இழையை அதற்குப் பின்னால் கொண்டுபோ என்று தெளிவாகத்தான் சொன்னார். தம்பி ஒயரைப் பிடித்தபடி நின்றுவிட்டான். அடுத்து எங்கள் இரண்டாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இந்த முறை சார் வாயே திறக்கவில்லை. மளமளவென்று போட்டுக் காட்டிவிட்டு ஒயரை நீட்டினார். எதிரே நின்று பார்த்தவருக்கு இடது வலது மாறிப் போனது. இருபது வருட அனுபவசாலி, முகம் சிவந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவரைத் தன் பக்கத்தில் தோளோடு தோள் நிற்க வைத்தார். இந்த முடிச்சு முன்பே தெரியுமா என்று கேட்டார். எதற்குப் பயன்படும் என்று சொன்னார். ஒவ்வொரு அடியாகச் செய்து நிறுத்தினார். மறுபடி செய்யும்போது எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதையும், அதற்கு அடுத்த முறை அது ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் ஒயரைக் கையில் கொடுத்துப் போடச் சொன்னார், போட்டுக்கொண்டே விளக்கவும் சொன்னார். சில நிமிடத்தில் அந்த ஆள் முடிச்சு போட்டதோடு எங்களுக்கே சொல்லித் தரும் நிலைக்கு வந்துவிட்டார். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லித் தந்தவர் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம். இந்தப் பாடத்தின் அடிப்படையே அதுதான் என்றார் சார்.

எனக்கு சி.என்.சி. வந்த வாரம் நினைவுக்கு வந்தது. மெஷினோடு வந்த இன்ஜினியர் அரை நாள் நின்று சைக்கிள் ஸ்டார்ட், ஃபீட் ஹோல்ட், டூல் ஆஃப்செட் என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தொட்ட டர்னர்கள் பின்னால் கை கட்டி நின்றார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நான்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். அன்று ஆட்களோடு நடந்துகொள்ளும் முறை. எல்லோருக்கும் சட்டைப் பையில் அடங்கும் அட்டை ஒன்று கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் நான்கு அடிப்படைகள். ஒருவர் வேலையில் எப்படி இருக்கிறார் என்பதை அவருக்கே சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால் அன்றைக்கே பாராட்ட வேண்டும். அவரைப் பாதிக்கப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவருக்குள் இருக்கும் திறமையை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். இன்னொரு பக்கத்தில், பிரச்சினை வந்தபின் செய்ய வேண்டிய நான்கு படிகள்: விவரம் சேர்ப்பது, எடைபோட்டு முடிவெடுப்பது, செய்வது, செய்ததன் பலனைப் பார்ப்பது. படித்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒவ்வொருவரும் இப்போது கையில் இருக்கும் உண்மையான பிரச்சினை ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி, ஆளின் பெயர் சொல்லக் கூடாது. நான் கொண்டுபோனது எங்கள் மூத்த டர்னரைப் பற்றி. ஷாப்பில் எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்போம். நான் அப்ரண்டிஸாக வந்தபோது எனக்குக் கை பிடித்து டூல் தீட்டக் கற்றுக்கொடுத்தவர். சி.என்.சி. வந்த பிறகு தாமதமாக வர ஆரம்பித்தார். திங்கட்கிழமை லீவ். புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றால் தலையை மட்டும் ஆட்டுவார். மெமோ டைப் செய்து என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன், கையெழுத்துதான் பாக்கி.

நான் சொல்லி முடித்ததும் சார் கேட்டார்: "அவரிடம் பேசினீர்களா?"

"மூணு தடவை பேசினேன் சார்."

"அவர் என்ன சொன்னார்?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று தடவையும் நான் பேசியிருக்கிறேன், அவர் சொன்னது எதுவும் என் நினைவில் இல்லை. விவரம் சேர்ப்பது என்ற முதல் படியின் கீழே, சம்பந்தப்பட்ட ஆளோடு பேசி அவர் கருத்தையும் மனதையும் தெரிந்துகொள், முழுக் கதையும் கையில் இருக்கிறதா என்று பார் என்று அட்டையிலேயே இருந்தது. சார் அதை விரலால் தொட்டுக் காட்டினார், மேலே எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பெரியண்ணனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். அரை மணி நேரம் வேலையைப் பற்றி நானாக எதுவும் பேசக் கூடாது என்று முடிவு செய்து போயிருந்தேன். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அவரே தொடங்கினார்.

ஏழு லேத்தையும் லாரியில் ஏற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் அவர் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். திங்கட்கிழமை தாம்பூலப் பையோடு எல்லோருக்கும் இனிப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பத்தொன்பது வருடம் நின்ற இடத்தில் தரையில் நான்கு ஃபவுண்டேஷன் போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய டூல் பெட்டியை யாரோ ஸ்கிராப் டிரம் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார்கள். அதற்குள் அவர் கையால் தீட்டிய டூல்கள், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றியது. "விக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போறதுக்கு முன்னாடி தொடச்சாவது விட்டிருப்பேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சரிபார்த்தது நான்தான். அவரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். கன்ட்ரோலர் திரையில் எழுத்து அவருக்கு மங்கலாகத் தெரிகிறது, படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, தப்பான பட்டனை அழுத்தி அத்தனை லட்சம் போட்ட மெஷினை இடித்துவிடுவோமோ என்ற பயம். திங்கட்கிழமை லீவுக்கும் இதுதான் காரணம். அந்த வார ஜாப்புக்கு மெஷினைத் தயார்செய்யும் செட்டிங் நடப்பது திங்கட்கிழமைதான், அன்று தன்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று வராமல் இருந்திருக்கிறார். ஒன்றை நான் வீடு திரும்பும் வழியில்தான் கவனித்தேன். எப்போதும் என்னைத் தம்பி என்பவர், மெஷின் வந்த பிறகு சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

மெமோவைக் கிழித்தேன். முதலாளியிடம் பேசி, பெரியண்ணனை ப்ரோக்ராம் பக்கம் தள்ளாமல், செட்டிங்கின்போது டூல் தேர்வுக்கும் முதல் பீஸ் சரிபார்க்கவும் வைத்தோம். டூலில் மாட்டும் இன்சர்ட்டின் வெட்டு முனை தேய்ந்து போவதை, சிப்ஸ் என்று நாங்கள் சொல்லும் உலோகச் சீவலின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். பையன்கள் பீஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மாற்றுகிறார்கள். ஆஃப்செட் மாற்றுவதை, அதாவது டூலின் அளவை மெஷினில் திருத்துவதை, அந்த ஒயர் முடிச்சு முறையிலேயே ஷிஃப்ட் முடிந்த பிறகு, பையன்கள் போனபின், நான் பக்கத்தில் நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பது நாள் ஆனது. இன்னும் ப்ரோக்ராம் எழுத மாட்டார், வேண்டாம் என்கிறார், அதில் தவறில்லை. திங்கட்கிழமை வருகிறார். சில நாள் தம்பி, சில நாள் இன்னமும் சார்.

மாற்றத்தை முன்கூட்டியே சொல் என்ற அட்டையின் மூன்றாவது வரி டிசம்பரில் மறுபடி கைகொடுத்தது. இரண்டு ஷிஃப்ட்டை மூன்றாக்க வேண்டி வந்தது. இதற்குச் சட்டமே உண்டு. 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு ஷிஃப்ட் மாற்றம் போன்றவற்றுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் வருடத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். பழைய நானாக இருந்தால் நோட்டீஸோடு நிறுத்தியிருப்பேன். இந்த முறை நோட்டீஸுக்கு முன்பே, ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்து, ஏன் வேண்டியிருக்கிறது, என்ன இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டையும் சொன்னோம். முடிவாகாததைச் சொல்ல முதலாளி தயங்கினார். அதுதான் பலன் தந்தது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் ஒருவர், இரண்டாம் ஷிஃப்ட்டைப் பதினைந்து நிமிடம் முன்னால் முடித்தால் பட்டரவாக்கத்தில் ஒரு வண்டியைப் பிடித்துவிடலாம் என்றார். அந்தப் பக்கம் போகும் எட்டுப் பேருக்கு அது உதவியது. அந்த யோசனை எங்கள் யாருக்கும் வந்திருக்காது.

இனி குறைகள். முதல் குறை பெரியது. மூலப் பாடத்தில் ஒவ்வொரு பகுதியும் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. நடுவில் ஷாப்புக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டு அடுத்த நாள் வந்து பேச வேண்டும். எங்களுக்கு இரண்டு பகுதியையும் இரண்டே நாளில் அடைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பத்துப் பேரில் ஆறு பேரின் பிரச்சினைதான் பேச முடிந்தது. பேச முடியாத நால்வரில் மூவர் அட்டையை எங்கே வைத்தோம் என்றே இப்போது தெரியாது என்கிறார்கள்.

இரண்டாவது மொழி. எங்களிடம் பதினான்கு பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் லைன் லீடர், நல்ல உழைப்பாளி. இரண்டு நாளும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பாதி புரியவில்லை என்று பிறகுதான் சொன்னார். அட்டை ஆங்கிலத்திலும் ஒரு கரடுமுரடான தமிழிலும் மட்டும் இருந்தது. பணம் கட்டும்போதே இந்தி வேண்டும் என்று கேட்டிருந்தோம், சரி என்றார்கள். வரவில்லை. கடைசியில் நாங்களே அவரை உட்கார வைத்து இந்தியில் எழுதிக்கொண்டோம். அடுத்து, மூன்று முறை வந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள் ஒரு முறைதான் வந்தார்கள். முதல் நாள் கடைசி முக்கால் மணி நேரம் கை தட்டும் விளையாட்டு வேறு. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பேரின் பிரச்சினையைப் பேசியிருக்கலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சம்பளம் சரியாக இல்லாத இடத்தில், சட்டம் சொல்கிறபடி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்காத இடத்தில், இந்த அட்டையைக் கொண்டுபோய்ப் பாராட்டுங்கள் என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. பாராட்டு கூலிக்குப் பதிலாகாது. 1918-லேயே பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. தொழிலாளிக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். கூலியைச் சரிசெய்துவிட்டு இந்தப் பயிற்சிக்கு வாருங்கள் என்று அந்த சாரே எங்கள் முதலாளியிடம் நேரில் சொன்னார். அதற்காகவே அவர் மீது எனக்கு மரியாதை உண்டு.

யார் எடுக்கலாம் என்றால், என்னைப் போல மெஷினிலிருந்து எழுந்து வந்தவர்கள் சூப்பர்வைசராக இருக்கும் சின்ன ஷாப்புகள் கண்டிப்பாக எடுக்கலாம். பேசும்போதே ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் என்று கறாராகக் கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஹோட்டல் ஹால் வேண்டாம், உங்கள் கேன்டீனே போதும். மெஷின் ஓடும் சத்தம் கேட்பது நல்லதுதான். முதலாளி முதல் அமர்விலாவது உட்கார வேண்டும். எங்கள் முதலாளி உட்கார்ந்தார், அதனால்தான் டிசம்பரில் அவரிடம் பேச முடிந்தது.

எங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பகுதியை மட்டும் மறுபடி முழுதாக எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து நாள், கை தட்டல் இல்லாமல், இந்தி அட்டை முன்கூட்டியே கைக்கு வந்தால்தான் முன்பணம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். போன தடவை சூப்பர்வைசர்களும் லைன் லீடர்களும் மட்டும்தான். இந்தத் தடவை உட்காரப்போகிறவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் போட்ட அன்று, பெரியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று படித்துவிட்டு, பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது நான்தானே, என் பேர் எங்கே தம்பி என்று கேட்டார். பத்தாவது பெயராக எழுதிவிட்டேன்.